காளான் குழுவில் என் ஓட்டு

எனக்குக் காளான் பார்க்கப் பிடிக்கும், சார், தின்னப் பிடிக்காது. நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு, விடுமுறையில் மரங்களுக்கு அடியில் குனிந்து திரிவது ஒரு சுகம். அந்தப் பைத்தியத்தில்தான் போனில் ஒரு குழு தொடங்கினேன். பறித்ததைப் படம் எடுத்துப் போடுவார்கள். தின்னலாமா, கூடாதா என்று நான் சொல்வேன். அத்தனை வருடத்தில் ஒருவருக்குக்கூட வயிறு வலித்ததில்லை.

டெய்லரைச் சேர்த்ததும் நான்தான். எதிர்க்கடைக்காரன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். காளானைத் திருப்பிப் பார்க்கக்கூட நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவன்தான் ஒருநாள் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தான்: இனிமேல் அண்ணன் சொல்வதா, எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதா?

எனக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதை நானே போட்டிருந்தேன். யார் எதற்குப் போட்டார்கள் என்று தொட்டுப் பார்க்கலாம் இல்லையா, பார்த்தேன். அந்தப் பக்கம் என் மனைவியின் பெயரும் இருந்தது.

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். இதுல என்னங்க இருக்கு?" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் குழுவைவிட்டுப் போகவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை டெய்லர் படம் போட்டான். வெள்ளைவெளேரென்று அழகான காளான். தண்டின் அடியில் கிண்ணம் போல ஒரு பை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆளைக் கொல்லும் சாதி. கீழே 'சாப்பிடலாம்' என்று ஓட்டு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. இனி ஓட்டுதான் என்று அவர்களே முடிவு செய்ததுதானே? நானும் 'சாப்பிடலாம்' என்பதைத் தொட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தான். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"காலையில இருந்து ஒரே வாந்திண்ணே. வீட்டுக்காரிக்கும்தான். இப்ப நின்னுடுச்சு. தெம்புக்கு ஏதாவது குடுங்க."

"காளானா இருக்குமோ?" என்றேன்.

"சேச்சே. ஊரே ஓட்டுப் போட்டாலும் நான் அடுப்புல வைப்பேனா? உங்க பேரு வர்ற வரைக்கும் காத்திருந்துதான் சமைச்சோம்ணே. அன்னைக்கு உங்க பாரம் குறையட்டும்னுதான் அந்த ஓட்டே வச்சேன். கோவமா இருக்கீங்களோன்னு பயந்துட்டிருந்தேன்."

கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் என்னை இறக்கிவிட்டபோது இந்தப் பாசம் எங்கே போயிருந்தது?

வாந்தி நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த விஷம் கொஞ்சம் ஓய்ந்துவிட்டு ஈரலில் இறங்கும். அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் இருவரும் பிழைத்திருக்கலாம். எனக்கு அது தெரியும். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, நன்றாகத் தூங்கி எழச் சொன்னேன். காசு வாங்கவில்லை.

முதலில் அவள் போனாள். பிறகு அவன்.

அத்தனை பேர் இருக்கும் குழுவில் நீங்கள் என்னை மட்டும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். எல்லாரும் போட்டார்கள், சார். நானும் போட்டேன். இதில் என்ன இருக்கிறது?