இடுப்பில் உறுத்தாத ஒன்று

இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டுச் சாப்பிட முடியாது, வக்கீலம்மா. இதை எந்தத் துப்பாக்கிக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். நாற்காலியில் உட்கார்ந்து பர்கர் தின்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது? ரசத்துக்குக் குனிந்தால் பிடி விலாவில் குத்தும். நிமிர்ந்தால் குழல் தொடையை அழுத்தும்.

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் ஜம்புநாதன் சாருடைய மகள் என்பதால்தான் தேடி வந்து உங்களிடம் கேஸைக் கொடுத்தேன். விஷாகாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் வராது என்று உங்கள் அப்பா சொன்னார். அது போதும். என் மேல் கொலை வழக்குப் போடுவதா வேண்டாமா என்று அடுத்த வாரம் கிராண்ட் ஜூரி முடிவு செய்யும், அதனால் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன். செத்தது மயில்சாமி, என் மனைவி வசந்தாமணியின் தம்பி. சுட்டது நான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. திருடன் என்று நினைத்துச் சுட்டேனா என்பதுதான் கேள்வி.

ஹூஸ்டனுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்குத் துப்பாக்கி ஆசை வந்ததே இல்லை. போன வருஷம் பெட்ரோல் போடுகிற ஒரு கேஸ் ஸ்டேஷனில் ஒருவன் கத்தியைக் காட்டிப் பர்ஸைக் கேட்டான். கொடுத்தேன். வாட்சைக் கேட்டான். கழற்றி நீட்டி, "டேக் இட், சார்" என்று சொல்லிவிட்டேன். கண்ணில் பட்டவரையெல்லாம் சார் போட்டே பழகிய வாய், பயத்தில் அதுவாக வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் தம்பியிடம் சொன்னாள். அதோடு போயிற்று என் மானம்.

மயில்சாமி கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனை இந்த நாட்டுக்கு வரவழைத்ததே நான்தான். வேலை கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். பின் தெருவில் வீடு வாங்கிப் போன பிறகும் எங்கள் கராஜ் ரிமோட் அவன் கையில்தான் இருந்தது. நினைத்த நேரத்துக்கு நடந்தே வருவான், ஃபிரிட்ஜைத் திறந்து கிடைத்ததைச் சாப்பிடுவான். அக்கா வீடுதானே. நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோய்க் கூடிச் சாப்பிடுகிற எந்தப் பாட்லக்குக்குப் போனாலும், தட்டில் இட்லி விழுவதற்கு முன்னால் அந்த "சார்" கதையை ஆரம்பித்துவிடுவான். என்னைப் போலவே கூன் போட்டு, வாட்சைக் கழற்றி நீட்டிக் காட்டுவான். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பது போல எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

அப்புறம்தான் துப்பாக்கி லைசென்ஸ் வகுப்புக்குப் போனேன். முதலில் வாங்கியது பெரிய பிஸ்டல். கடைக்காரன் ஆறடிக்கு மேல். அவன் இடுப்புக்கு எது பொருந்துமோ அதை என் இடுப்புக்கு விற்றுவிட்டான். ஃப்ரீவேயில் அரை மணி நேரம் ஓட்டினால் சீட் பெல்ட்டும் அதுவும் சேர்ந்து எலும்பைப் பிழிந்தன. பொறுத்துக்கொண்டு ஒரு பாட்லக்குக்குப் போனேன். மயில்சாமி வழக்கம் போல இடுப்பில் கையைப் போட்டு அணைத்தான்.

"என்னங்க மச்சான், இடுப்புல கட்டி கிட்டி வந்துருச்சுங்களா?" என்று சட்டையைத் தூக்கியே பார்த்துவிட்டான். "மச்சான் கன் வெச்சிருக்காருங்கோ! திருடன் வந்தா, மே ஐ ஷூட் சார்னு பர்மிஷன் கேட்டுட்டுதான் சுடுவாரு!"

வசந்தாமணியும் சிரித்தாள். என் மகள் ரோஷினி, "அப்பா, தட்ஸ் ஸோ எம்பாரஸிங்" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கிறது. ஊருக்கெல்லாம் தெரியாது, அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்துவிடும். அடுத்தது தட்டையாக ஒன்று வாங்கி முதுகுப் பக்கம் செருகினேன். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மூத்த மச்சான் என்று விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். குனிந்தேன், சட்டை மேலேறிவிட்டது. "கட்டி முதுகுக்குப் போயிருச்சுங்க" என்றான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இன்றுவரை தீராத முதுகுவலியும் அதை அங்கே செருகியதால் வந்ததுதான்.

பிறகு கணுக்கால். ஷூவுக்கு மேலே, பேண்ட்டுக்குள்ளே கட்டிக்கொள்வது. அமெரிக்கர்களுக்கு அருமையான இடம். நாம் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றுகிற ஜாதி. இருநூறு டாலர் கொடுத்து உறை வாங்குவதற்கு முன்னால் அது என் மூளைக்கு எட்டவில்லை. என்ன சொல்லியிருப்பான் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். காலுக்கு இறங்கிவிட்டது என்றான்.

கடைசியில் வாங்கியது சின்ன ரிவால்வர். ஐந்து குண்டு. பேண்ட் பாக்கெட்டில் கைக்குட்டையோடு கைக்குட்டையாகக் கிடந்தது. உட்கார்ந்தேன், சம்மணம் போட்டேன், சோபாவில் சாய்ந்து தூங்கினேன். எங்கும் உறுத்தவில்லை. கண்ணாடி முன்னால் நின்று எடுத்து எடுத்துப் பழகினேன். மயில்சாமி அணைத்துப் பார்த்தான், ஒன்றும் தட்டுப்படவில்லை. "வித்துட்டீங்களா மச்சான்? நல்லதுங்க, நமக்கெதுக்கு அதெல்லாம்" என்றான். இந்த ஊரில் நான் நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். அவன் "சார்" கதை சொல்லும்போதெல்லாம் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனசு குளிர்ந்துவிடும்.

அன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம். வசந்தாமணி ரோஷினியை டான்ஸ் கிளாஸுக்குக் கூட்டிப்போயிருந்தாள். நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து, கராஜ் வழியாக உள்ளே போனேன். வெயிலுக்காக ஜன்னல் மறைப்பையெல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் சமையலறை இருட்டாக இருந்தது. ஃபிரிட்ஜுக்குள் குனிந்தபடி யாரோ ஓர் ஆள். வெறுங்காலோடு நின்றதால் காலடிச் சத்தமே இல்லை. யார் என்று கேட்டேன். பதில் இல்லை. கையில் ஏதோ பளபளக்கத் திரும்பினான். சுட்டுவிட்டேன். பளபளத்தது தயிர்ப் பாத்திரம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இதைத்தான் டிடெக்டிவிடம் சொன்னேன். நல்ல மனிதர். தோளைத் தட்டி, நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்றார். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

என்னம்மா, பேனாவை ஏன் வைத்துவிட்டீர்கள்?

"ஹிஸ் ஷூஸ், அங்கிள்?"

உங்களை அப்பா ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் நீங்கள் ஹீல்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தீர்கள். அந்த டிடெக்டிவ் பூட்ஸோடு சமையலறை வரை வந்தவர், அவருக்கு இந்தக் கேள்வி வராது. திருட வந்தவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டா வருவான் என்று நம் ஆட்கள்தான் கேட்பார்கள்.

கராஜில், உள்ளே போகிற கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த தோல் செருப்பு. எனக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அவன் பதில் சொல்லவில்லை என்றதும் சரியில்லை. நான் கேட்கவே இல்லை. அவனாகத்தான் திரும்பி, "வந்துட்டீங்களா மச்சான், தயிர் எடுத்துக்கறனுங்க" என்றான். அவன் பார்வை என் பாக்கெட்டுக்குப் போனது. "அட, விக்கலீங்களா? இப்ப பாக்கெட்டுக்கு வந்துருச்சுங்களா?" என்று சிரித்தான். கேட்டுச் சிரிக்கக் கூட்டம் இல்லை. அவனும் நானும்தான். அப்படியும் சிரித்தான். எடுக்கும்போது எங்கும் மாட்டவில்லை. அதைப் பார்த்துத்தானே அந்தச் சின்னதை வாங்கினேன்.

ஆனால் ஆத்திரத்தில் சுட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், வக்கீலம்மா. இந்த வேலுமணி கோபக்காரன் என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சண்டையே ஆகாது. அன்றைக்குக்கூடப் பாருங்கள், அவன் செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கை பாக்கெட்டுக்குள் இருந்தது. அதனால் காலாலேயே அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.