ஆறு வோல்ட் மாரிஸ்

பரீது: லைட்டப் போடுங்க அண்ணாச்சி... போட்டாச்சா?

குத்தாலிங்கம்: போட்டுட்டேம்லே. சுவத்துல பாரு.

பரீது: சுவத்துல என்னத்தப் பாக்க? ரெண்டு பீடிக் கங்குதான் தெரியுது. மதினி ஒரு அரிக்கேன் விளக்கைக் கொண்டாந்து பம்பர்ல கட்டிவிட்டா இதைவிட நல்லா எரியும்.

குத்தாலிங்கம்: ரெண்டா?

பரீது: உங்க வண்டிக்கு மூணு லைட்டா இருக்கு?

குத்தாலிங்கம்: இல்லலே... ரெண்டுமா மங்கலா இருக்கு?

சண்முகசுந்தரி: இந்தாங்க தம்பி, காப்பி. என்ன சொன்னீய, ரெண்டுமா? நல்லாப் பாத்தீயளா?

பரீது: என்ன மதினி, புருசனும் பொஞ்சாதியும் ஒரே கேள்வியக் கேக்குதீய. இங்கன வந்து நின்னு நீங்களே பாருங்க. முந்தாநாள்தான் இந்த வண்டி ஆரியங்காவு போயிட்டு வந்துச்சு. வளைவுக்கு வளைவு வெளிச்சம் அப்பிடிப் பாய்ஞ்சுது. இன்னைக்குன்னு பாத்து...

சண்முகசுந்தரி: பழைய மாரிஸ் காருதான தம்பி. வெள்ளைக்காரன் இருந்தப்ப வாங்கினது.

பரீது: இத ராயகிரிக்காரருகிட்ட சொல்லிப் பாருங்க. வண்டிய வாங்கச் சாயங்கால பஸ்ஸுல வாராரு. வண்டி ஓடுதது அப்புறம், முதல்ல லைட்டத்தான் பாப்பேன்னு சொல்லிருக்காரு. அவருக்கு ராத்திரி ஓட்டம்தான் சாஸ்தி.

குத்தாலிங்கம்: லைட்டு சரியில்லன்னா வேண்டாம்னு போயிருவாரோ?

பரீது: போகாம? கண்ணு தெரியாத காளைய எவன் வாங்குவான்?

குத்தாலிங்கம்: ம்.

பரீது: என்ன ம்மு? வண்டிய வித்தாத்தான மதுரைக்குப் போக முடியும். மதினியோட அண்ணன் அங்க ஒரு சரக்குக் கிட்டங்கியில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. மூட்டைய எண்ணினாச் சம்பளம். சீசன் வருமா, அருவியில தண்ணி விழுமான்னு வானத்தப் பாக்க வேண்டாம்.

குத்தாலிங்கம்: நல்லதுதான. சுந்தரிக்கும் நிம்மதி. நான் மலையில இருந்து இறங்குத வரைக்கும் முழிச்சிருக்க வேண்டாம்லா.

சண்முகசுந்தரி: எனக்கென்ன. உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி.

பரீது: அப்ப வெரசாப் பாப்போம். ஒண்ணொண்ணா வருவோம். பாட்டரி?

சண்முகசுந்தரி: பாட்டரியாத்தான் இருக்கும் தம்பி. தண்ணி வத்திருக்கும்.

பரீது: ஹாரனை அடிங்க அண்ணாச்சி... கேட்டீயளா மதினி? கோயில்வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். பாட்டரி நல்லாத்தான் இருக்கு.

குத்தாலிங்கம்: அப்ப வயருலே. எலி கடிச்சிருக்கும்.

பரீது: ரெண்டு பக்கத்து வயரையும் கணக்கா ஒரே அளவுக்குக் கடிக்குத எலியா?

சண்முகசுந்தரி: கண்ணாடியில அழுக்கு இருக்கும். துணியக் கொண்டாரட்டா?

பரீது: கண்ணாடி பளபளன்னு இருக்கு. இன்னைக்குத்தான் யாரோ தொடச்சிருக்காங்க.

சண்முகசுந்தரி: யாரு தொடச்சா...

குத்தாலிங்கம்: எனக்கென்ன தெரியும்?

பரீது: பல்பைக் கழத்திப் பாத்துருவோம். அந்தத் திருப்புளிய எடுங்க.

குத்தாலிங்கம்: ஏலே வேண்டாம். சூடா இருக்கும்.

பரீது: இது எரிஞ்ச லட்சணத்துக்குச் சூடு வேறயா?

குத்தாலிங்கம்: திருகெல்லாம் துருப்பிடிச்சிருக்கும்லே.

பரீது: அதையும்தான் பாப்போமே. இந்த மேல் திருகு...

சண்முகசுந்தரி: மேல ஒண்ணும் இல்ல தம்பி. கீழ ஒரு திருகுதான். அதைக் கழத்தினா வளையம் கையோட வந்துரும்.

பரீது: அட, மதினி ஒர்க் ஷாப் வைக்கலாம் போலயே.

சண்முகசுந்தரி: அவுக மாத்தும்போதெல்லாம் கண்ணாடியப் பிடிச்சிட்டு நிக்கது யாரு?

பரீது: திருகு எண்ணெய் போட்ட மாதிரி சுத்துது. துருவாம் துரு... இந்தா வந்துட்டு. வெளிச்சத்துல காட்டுங்க. அடியில பொடி எழுத்தா இருக்கு... ஒண்ணு, ரெண்டு... பன்னெண்டு. அண்ணாச்சி, இது பன்னெண்டு வோல்ட் பல்பு.

குத்தாலிங்கம்: அப்பிடியா?

பரீது: என்ன அப்பிடியா? உங்க வண்டி ஆறு வோல்ட்டுல்லா. பாட்டரிய எட்டிப் பாருங்க, மூணு மூடிதான். மூடிக்கு ரெண்டு வோல்ட்டுன்னா ஆறு. என் வண்டிக்கு ஆறு மூடி, பன்னெண்டு. பல்பு பாக்கதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாட்டினா மாட்டிக்கிடும். எழுத்தைப் பாக்காம போட்டா இப்பிடித்தான்.

சண்முகசுந்தரி: கெட்டுப் போயிருமா தம்பி?

பரீது: உங்க ஆறு வோல்ட்ட என் வண்டியில போட்டாப் பளிச்சுன்னு ஒரு எரி எரிஞ்சிட்டுச் செத்துரும். இதை இங்கன போட்டா உசுரு இருக்கும், தெம்பு இருக்காது. ஆறு பேரு சோத்தப் பன்னெண்டு பேருக்குப் பரிமாறுத மாதிரி.

சண்முகசுந்தரி: நல்ல வேள.

பரீது: இருங்க, அடுத்த பக்கமும் பாக்குதேன்... இதுவும் பன்னெண்டு. ஏ, இது ரெண்டும் என் பல்புல்லா? திருநெல்வேலியில வாங்கிட்டு வந்து, கையோட கொண்டு திரிஞ்சா உடைஞ்சிரும்னு உங்க வீட்டு டப்பாவுல போட்டு வெச்சேன்.

குத்தாலிங்கம்: ரெண்டும் உன்னுதா?

பரீது: நல்லாத் தெரியும். டப்பாவுல கெடந்த பல்பு தானா நடந்து வந்து வண்டியில ஏறிக்கிடாது. உங்க பழைய பல்பு எங்க?

சண்முகசுந்தரி: கடையில கேட்டா கிடைக்காதா தம்பி?

பரீது: தென்காசியில ஆறு வோல்ட்டு எவன் வெச்சிருக்கான்? பஸ்ஸு வந்துரும் மதினி. அண்ணாச்சி... ஏன் தரையப் பாக்குதீய? என் மூஞ்சியப் பாருங்க.

குத்தாலிங்கம்: சட்டைப் பையில இருக்குலே.

பரீது: எது?

குத்தாலிங்கம்: பல்புதான். விடியக்காலம் நாந்தான் மாத்தினேன்.

சண்முகசுந்தரி: நீங்களா?

குத்தாலிங்கம்: கோவிச்சுக்கிடாத சுந்தரி. உன் அண்ணன் இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கான், வேண்டாம்னு சொல்ல நாக்கு எழும்பல. நீயும் மாசச் சம்பளம்னா நல்லதுன்னு சொன்ன...

சண்முகசுந்தரி: நான் எப்பச் சொன்னேன்? சவாரி இல்லாம நீங்க மூலையில உக்காந்திருந்தீய. உங்களுக்கே அலுத்துப்போச்சுன்னுதான் தலையாட்டினேன்.

குத்தாலிங்கம்: அலுப்பா? நேத்து மலைமேல மேகம் இறங்கிட்டு. இன்னைக்குச் சாரல் அடிக்குது. நாளைக்கு ரயில்ல வாரவன் எல்லாம் ஐந்தருவிக்கு வண்டி கேப்பான். இந்த நேரத்துல போயி கிட்டங்கிக்குள்ள மூட்டைய எண்ணிட்டு இருக்க முடியுமா? ஒரு கண்ணு மங்கலா இருந்தா ராயகிரிக்காரரே வேண்டாம்னு போயிருவாரு, யாருக்கும் மனக்கசப்பு இல்லன்னு நெனச்சேன்.

பரீது: ஒரு கண்ணா? ரெண்டுல்லா மங்கலா இருக்கு.

குத்தாலிங்கம்: அதாம்லே எனக்கும் விளங்கல. நான் வலது பக்கத்தை மட்டும்தான் தொட்டேன். இந்தா, பையில ஒண்ணுதான் இருக்கு பாரு.

பரீது: அப்ப இடது பக்கம்? ...மதினி, எங்க உள்ள போறீய?

சண்முகசுந்தரி: அடுப்புல காப்பித் தண்ணி கொதிக்குது.

பரீது: காப்பி குடிச்சாச்சு மதினி.

குத்தாலிங்கம்: சுந்தரி... ஏட்டி, இங்க பாரு. இடது பக்கத்துப் பல்பு எங்க?

சண்முகசுந்தரி: உளுந்துப் பானைக்குள்ள இருக்கு. வண்டி விக்கதுக்கு இல்லன்னு ராயகிரிக்காரருகிட்ட உங்க வாயால சொல்லுங்க, எடுத்துத் தாரேன்.