விரலைத் தின்ன மிஷினுக்குப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் முடிச்சூரிலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸில் கேட்டது. முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவருக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன.

"என் விரலைத் தின்ன மிஷினுக்கு நேத்து நான்தான் பொட்டு வெச்சேன், மச்சான்."

"லூசாடா நீ?"

"மிஷின் இன்னா பண்ணும்? பிரஸ் மிஷின்ல ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்குனாத்தான் மேல கீற அச்சு எறங்கும். வேகமா ஓட்டணும்னு ஒரு பட்டன்ல குச்சி சொருவுனது நான். இந்தக் கை உள்ள இருக்கசொல்லவே எறங்கிடுச்சு."

"கம்பெனில வாட்ச்மேன் வேலை தர்றேன்னாங்களே. வாங்கிக்கினு ஒக்காந்திருக்கலாம்ல?"

"அதே மிஷின்தான் வேணும்னேன். தெனம் ஷிப்டுக்கு முன்ன எல்லா மிஷினையும் சுத்தி வருவேன். எவன் குச்சி வெச்சிருந்தாலும் புடுங்கிடுவேன்."

"திட்ட மாட்டானுங்க?"

"திட்டுவானுங்க. கையைக் காட்டுவேன். கம்முனு ஆயிடுவானுங்க."

கூட்டாளி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பொட்டு எந்த விரலால வெச்ச?"

"மோதிர விரலுதான் அதுகிட்ட கீதே. சுண்டுவிரலால வெச்சேன்."

தாம்பரத்தில் இறங்க அவர் கம்பியைப் பிடித்தார். சுண்டுவிரல் நுனியில் குங்குமம் இன்னும் போகவில்லை. இறங்க எழுந்த நான் நின்று, அவருக்கு முதலில் வழி விட்டேன்.