ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை

படிவத்தில் தேதிக் கட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பெயரை அப்புறம் கேட்கலாம், விலாசத்தை அப்புறம் கேட்கலாம். என்றைக்கு என்பது முதலில் தெரிய வேண்டும்.

உட்காரம்மா. நேற்று உன் அம்மா டாக்டரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போய், பூட்டிக் கிடந்த கிளினிக் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னாய். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்த டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியுமே.

இன்று காலையில் எங்கள் ஆபீஸுக்குப் போய் அம்மாவின் சால்வையையும் நாற்காலி மெத்தையையும் எடுத்து வந்தாயாம். அந்த இருக்கைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் உன்னிடம், “எனக்கும் இந்த சிஸ்டத்துல மத்தியானம் போட்டதெல்லாம் காணாம போகுது, உங்கம்மா மேல தப்பு இருக்கும்னு தோணல” என்றாளாம். சூட்டிகையான பெண். நீ நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாய். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் முதலிலிருந்து கேட்டால்தான் என் பக்கத்து நியாயம் உனக்குப் புரியும்.

அம்மாவின் வேலை என்ன என்று உனக்கே சரியாகத் தெரிந்திருக்காது. லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களிலிருந்து போன் வரும். அவர் விவரம் கேட்டுப் படிவத்தை நிரப்பிப் பட்டியலில் ஒரு வரி பதிவார். எந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரோ அவரை அனுப்புவார். அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்குகள் அத்தனை பேரும் ‘பெரியக்கா’ என்று உயிரை விடுவார்கள். உன் அம்மா என்னைத் தம்பி என்பார். நான் சாப்பிட்டேனா என்று அந்த ஆபீஸில் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் அவர்மேல் வன்மம் வைத்திருந்ததாக நீ நினைத்துவிடுவாய்.

அந்தப் பட்டியலும் படிவமும் ஆபீஸுக்குள் மட்டும் ஓடிய ஒரு கம்ப்யூட்டர் தளத்தில் இருந்தன. அதைக் கட்டியவன் நான். மேலே தேதி, அடியில் கட்டடம், அதற்குப் பக்கத்திலேயே ஆள் உள்ளே மாட்டியிருக்கிறாரா என்ற கேள்வி. ஆமாம் என்று போட்டால் அந்த வரி முழுக்கச் சிவந்துவிடும். வருஷக்கணக்கில் செதுக்கிச் செதுக்கிச் செய்தது. பிறகு மேனேஜர் ஒருநாள், “சர்வருக்கு வயசாயிடுச்சு, எல்லாத்தையும் ஆன்லைனுக்கு ஏத்திடுங்க” என்றார். டீ வாங்கி வரச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

ஏற்றினேன். சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது, வீடு வரவில்லை. பட்டியலில் ஒரு வரி குறையவில்லை, ஆனால் படிவம் மொட்டையாக வந்து நின்றது. சிவப்பு இல்லை. தேதி எங்கேயோ அடியில் கிடந்தது. மேலே இருக்க வேண்டிய இடத்தில் மெக்கானிக்கின் போன் நம்பர் உட்கார்ந்திருந்தது. பழைய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்ததை இங்கே செய்ய முடியாது. இதில் கை வைக்காதே, அதற்கு அனுமதி இல்லை என்று அது பாட்டுக்குச் சொல்லும். மல்லுக்கட்டி ஒரு கட்டத்தை மேலே ஏற்றினால், அடுத்த வாரம் அந்த ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் ஏதோ மாற்றுவார்கள், அது மறுபடி கீழே போய்விடும். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? போன் செய்தால் ஒரு பாட்டு ஓடும். வீட்டில் மனைவி, “சாப்பிடும்போதாவது அந்தக் கட்டத்த விட்டுத் தொலைங்களேன்” என்பாள். தட்டில் இருப்பது என்ன என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்ட நாட்கள் அவை. மூன்று மாதம் இப்படிப் போராடி, ஒரு மாதிரி உருப்படியான படிவமும், ஆளுக்குத் தகுந்த வியூக்களும் செய்து முடித்தேன். வியூ என்றால் வேறொன்றுமில்லை. பட்டியல் ஒன்றுதான். அதில் யாருக்கு எந்த வரிகளைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதுதான் வியூ.

மீட்டிங்கில் எல்லோருக்கும் திரையில் போட்டுக் காட்டினேன். மேனேஜர் தலையாட்டினார். மெக்கானிக்குகள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “என்னமோ போங்க, பழசு மாதிரி வராது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர், “அக்கா சொல்ற மாதிரி மாத்திக் குடுத்துடுங்க” என்றார். முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு குறை. எழுத்து சின்னதாக இருக்கிறது, நேற்றைய வேலையைப் பார்க்க வழியில்லை, குறிப்பு எழுதும் இடம் போதவில்லை. எல்லாம் நியாயமான குறைகள்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

முதல் தடவை நடந்தது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன். வியூவில் ஒரு வடிகட்டியைத் தவறாகப் போட்டுவிட்டேன், அன்று மத்தியானம் அவர் பதிந்த வரிகள் திரையில் தெரியாமல் போயின. “தம்பி, நான் போட்டதெல்லாம் காணோமே” என்று என் மேஜைக்கு வந்தார். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தன் இடத்துக்குத் திரும்பி நடப்பதற்குள் சரி செய்துவிட்டேன். பின்னாலேயே போய், “எல்லாம் இருக்கேக்கா, நல்லா பாருங்க” என்றேன். அவர் குனிந்து பார்த்தார். வரிகள் எல்லாம் இருந்தன. “அட ஆமா. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. மன்னிச்சுக்கப்பா, உன்னப் போய் சொல்லிட்டேன்” என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

மறு வாரம் மறுபடி ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன். அவர் காலையில் திறக்கிற இணைப்பை அவருடைய கம்ப்யூட்டரில் வைத்துக் கொடுத்தவனே நான்தான். அது எந்த வியூவைத் திறக்க வேண்டும் என்பது என் கையில் இருந்தது. அவருக்கென்று தனியாக ஒன்று செய்தேன். நான் நினைத்தால் சில வரிகள் அதில் மறையும், நினைத்தால் திரும்பி வரும். மற்றவர்கள் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிறகு படிவத்திலும் ஒரு நிபந்தனை வைத்தேன். உள்ளே வந்திருப்பவர் இவரானால், தேதிக் கட்டத்தில் இன்றைய தேதிக்குப் பதில் நாளைய தேதி தானாக விழுந்திருக்கும். தினமும் இல்லை, எப்போதாவது. வேலையாகப் பார்த்தால் அழகான வேலை அது. புதிய தளத்தில் நான் நினைத்தபடி நடந்த ஒரே காரியம் அதுதான்.

நீ முறைக்காதே. அவர் பதிந்ததில் ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை. எல்லாம் பட்டியலில் பத்திரமாக இருந்தன. அந்த இணைப்பையும் அந்த வியூவையும்கூட அவர் போன பிறகு அழிக்கவில்லை. அதனால்தானே அந்தப் பெண்ணுக்கும் காணாமல் போகிறது. குற்றம் செய்கிறவன் தடயத்தை இப்படி விட்டுவைப்பானா?

உன் பாட்டி கடைசிக் காலத்தில் பெற்ற பெண்ணையே யார் என்று கேட்ட கதையை, அம்மா ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். “எங்கம்மா என்னப் பாத்து, நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டாங்க தம்பி. எனக்கு அது மட்டும் வந்துடக்கூடாது. அதுக்கு முன்னாடி போய்ச் சேந்துடணும்” என்றார். அதற்குப் பிறகு நிறுத்தியிருக்கலாம் என்கிறாயா? நானும் யோசித்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் அது சுலபமாக நடந்தது. நான் வடிகட்டியைத் தொடாத நாட்களிலும் அவர் தடுமாற ஆரம்பித்தார். போன் வந்தால் கட்டடத்தின் பெயரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். கை கழுவினால் போய்விடும் என்று சாப்பிடாமலே இருந்த நாட்களும் உண்டு. நான்தான், “சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்பேன்.

ஒருநாள் இரண்டு மெக்கானிக்குகள் ஒரே கட்டடத்துக்குப் போய் நின்றார்கள். இன்னொரு கட்டடத்தில் லிஃப்ட் நாள் முழுக்கக் கிடந்தது. மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

“நான் காலையிலயே போட்டேன் சார்.”

“எங்கக்கா போட்டீங்க? நாளைக்குத் தேதியில இருக்கு. பாருங்க.”

அவர் திரையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, நீ சொல்லு. நான் இன்னைக்குத் தேதிதான போட்டேன்?”

“விடுங்க சார், வயசாகுதுல்ல. இனிமே நான் பாத்துக்கறேன்” என்றேன். வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே வேலை போயிருக்கும் என்றார். எனக்கும் கண் கலங்கியது. பொய்யாகக் கலங்கவில்லை.

பிறகு நீயே என்னைத் தேடி வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? “மாமா, எப்பெல்லாம் மறந்தாங்கன்னு டாக்டர் கேக்கறாரு. வீட்ல அப்படி ஒண்ணும் இல்ல, ஆபீஸ்லதான். நீங்க கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்” என்றாய். வீட்டில் இல்லை, ஆபீஸில்தான் என்று உன் வாயாலேயே சொன்னாய். அந்த இடத்தில் நீ கொஞ்சம் யோசித்திருக்கலாம். நான் எழுதிக் கொடுத்தேன். என்ன பதிந்தார், எப்போது காணவில்லை என்றார், எதில் தேதி தவறியது, எல்லாவற்றையும் வரிசையாக, தேதியை முதலில் வைத்து எழுதினேன். டாக்டர் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தந்ததில்லை என்று பாராட்டியதாக நீதான் வந்து சொன்னாய். அதை வைத்துத்தான் மாத்திரை எழுதினார். மாத்திரை மந்தமாக்கும் என்று நான் என்ன கண்டேன்? அடுப்பைத் தொட வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தனியாக ரோட்டைக் கடக்க வேண்டாம் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். உன் குழந்தையை இப்போது அவர் தூக்குவதே இல்லையாமே. எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவோம் என்ற பயமாம். அதைக் கேட்டபோது, இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்று எனக்கும் தோன்றியது.

அம்மா வேலையை விட்ட அன்று மெக்கானிக்குகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அதில் வயதானவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அந்த மீட்டிங்ல பெரியக்கா பழசு மாதிரி வராதுன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் எங்ககிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? அது தம்பி தன் கையால பண்ணது, அத இப்படிப் பறிச்சுட்டாங்களேன்னு வருத்தப்பட்டாங்க” என்றார். இருக்கலாம். பாராட்டாகவே சொல்லியிருக்கலாம். அதை மீட்டிங்கிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு குறை வந்ததில்லை. மேனேஜரே சொன்னார்.

நான் மோசமானவனாக இருந்தால் அத்தோடு கை கழுவியிருப்பேன். ஆனால் அம்மா தினமும் காலையில் எனக்குத்தான் போன் செய்வார், உனக்குத் தெரியாது. “தம்பி, இன்னைக்கு என்ன கிழமை? வீட்ல கேட்டா பயந்து போறாங்க. நீ சொல்லு, நீ சொன்னா சரியா இருக்கும்” என்பார். நான் எந்த வேலையில் இருந்தாலும் பொறுமையாகச் சொல்வேன். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன்.

நேற்றும் கூப்பிட்டார். குரல் தெளிவாக இருந்தது. மாத்திரையைக் குறைத்திருக்கிறீர்களோ என்னவோ. கிழமையைக் கேட்பதற்கு முன்னால், “தம்பி, சும்மா ஒக்காந்திருந்தேனா, அந்தப் பழைய ஃபார்ம் அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. மேல தேதி, அடியில கட்டடம், பக்கத்துல ஆள் மாட்டியிருக்காங்களான்னு கேள்வி. ஒரு கட்டம்கூட மறக்கல பாரு. அதுல நான் ஒரு தப்புகூட பண்ணதில்லையே தம்பி. புதுசு வந்த பிறகுதான எல்லாம்?” என்றார். பிறகு, “சரி விடு, இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டார்.

நேற்று புதன்கிழமை. நான் வியாழன் என்றேன்.