அக்காவுக்கு நான் வாங்கிய ரவிக்கை

அவைக்குத் தலைமையேற்று அரசரைப் போல் அமர்ந்திருக்கும் ஆதித்தன் அண்ணாச்சி அவர்களே! குத்துக்கல்வலசை வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்குக் கூடியிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பேச்சைக் காதிலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! தலை தாழ்த்தித் தமிழால் வணங்குகிறேன்.

"வீட்டில் உடுத்தும் உடை" என்று தலைப்புத் தந்தார்கள். தக்கவனிடம்தான் தந்தார்கள்! ஐந்தாம் வகுப்பை மூன்று வருஷம் அழுத்தமாகப் படித்தவன் நான். தென்காசி மரக்கடையில் நான் தும்மினால் செங்கோட்டையில் தேக்கு விலை ஏறும். குற்றாலத்துப் பங்களாக்களில் நான் கால் வைக்காத கூடமே கிடையாது. யாரப்பா சிரிப்பது, சுடலைமாடனா? சரி, வாசல்வரைதான் போனேன். வாசலில் நின்றே பார்த்தேன்! அங்கே பெண்கள் அடுப்படியில்கூட ரவிக்கை போட்டிருந்தார்கள். அதுதான் மானம், அதுதான் மரியாதை என்று என் மண்டையில் ஏறிவிட்டது.

என் அக்கா உலகம்மை, தாயில்லாத என்னை வளர்த்தவள். ரவிக்கை அறியாத தோள் அவளுக்கு. ஐம்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் என் மகள் செண்பகவல்லியைத் தம் மகனுக்குப் பெண்பார்க்கக் குற்றாலத்துப் பங்களாக்காரர் வந்தார். அன்று காலையில் அக்கா கையில் ரவிக்கையைத் திணித்தேன்.

"ஏலே, கையைப் பிடிக்குது, மூச்சு முட்டுது. வீட்டுக்குள்ள எனக்குத் தோதா இருக்கக்கூடாதா?"

"வாரவங்க காறித் துப்புவாங்க. போடு, இல்லன்னா தொழுவுல போய் இரி."

போனாள், பெரியோர்களே! மாட்டோடு போய் உட்கார்ந்தாள்.

வந்தார் பங்களாக்காரர். "என்னா புழுக்கம்!" என்றார். பட்டு ஜிப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெற்றுடம்போடு என் கூடத்தில் சாய்ந்தார். "எவ்வளவு எளிமையான மனுஷன்!" என்றது ஊர். நான் என்ன செய்தேன்? விசிறி எடுத்து வீசினேன்!

பணக்காரர் தோள் தெரிந்தால் எளிமை, என் அக்கா தோள் தெரிந்தால் கேவலமா? என்ன தம்பி, "அவர் ஆம்பளைல்லா" என்கிறாயா? உன்னை இடுப்பில் சுமந்த ஆச்சி ரவிக்கையா போட்டிருந்தாள்?

இன்னும் கேளுங்கள், வெட்கத்தோடு சொல்லுகிறேன். "உங்க அக்காவை எங்க காணோம்?" என்றார் அவர். "திருவேங்கடம் ஊருக்குப் போயிருக்கா" என்றேன். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் இருமினாள். "யாரது?" என்றார்.

"மாடு" என்றேன்.

அன்று பொழுது சாயுமுன் புளியறை கிராமத்துக்கு நடந்துபோனவள்தான். மூன்று வருஷம் என் வாசல் மிதிக்கவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. மேடை மேடையாய் ஆயிரம் சொல் அடுக்கினேன். அந்த ஒரு சொல்லை அழிக்க முடியவில்லை. இன்று அண்ணாச்சி கூப்பிட்டதற்காக வந்து, அதோ, தாய்மார்கள் நடுவே இருக்கிறாள். அக்கா! இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், மன்னித்து வீட்டுக்கு வா!

கேட்டதா? கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லுகிறேன். "வாரேம்லே. இப்பிடியேதான் இருப்பேன், கூடத்துலதான் இருப்பேன். எவன் வந்து கேட்டாலும் யாருன்னு ஒழுங்காச் சொல்லு" என்கிறாள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், அவளை அழைத்துவந்த அண்ணாச்சிக்கும் நன்றி. எழுந்திரு தாயே, எல்லாரும் பார்க்கட்டும். பெரியோர்களே, இவள் என் அக்கா. வணக்கம்.