பச்சை இலை ஒட்டிய ஏணி

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்குமானால் அது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். நூலகம் எந்தப் பக்கம், கேன்டீன் எப்போது திறக்கும் என்பதைப் போல இதுவும் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது நிர்வாகக் கட்டடத்தின் மாடியில், விசாரணை அறைக்கு வெளியே, ஒரு நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சின் அந்த முனையில் கிடங்குப் பொறுப்பாளர் அக்கா. எல்லோரும் அவரைச் சிவப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் பிறகு வரும். அவருடைய வேலை நிலைக்குமா போகுமா என்று இன்றைக்கு உள்ளே முடிவு செய்கிறார்கள். எனக்கு அப்படிப்பட்ட கவலை எதுவும் இல்லை. நான் சாட்சி.

கூப்பிட இன்னும் நேரமாகும் போலிருக்கிறது. அதற்குள் நடந்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு கொசுவில் ஆரம்பித்தது. எங்கள் பல்கலைக்கழகம் இனிமேல் அறவழியில்தான் பொருள் வாங்கும் என்று ஒருநாள் அறிவித்தார்கள். அதற்காகச் செய்ததெல்லாம் இதுதான்: பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் அனுப்பினார்கள். உங்கள் ஆலையில் சிறுவர்கள் வேலை செய்கிறார்களா? ஆம், இல்லை. தொழிலாளர்களை மரியாதையாக நடத்துகிறீர்களா? ஆம், இல்லை. எல்லாக் கம்பெனிகளும் சரியான கட்டத்தில் டிக் அடித்து அனுப்பின. பதிவாளர் மகிழ்ந்து போனார். நான் எங்கள் மாணவர் சுவர்ப் பத்திரிகையில் ‘கொசுவுக்கு ஓர் உறுதிமொழிப் படிவம்’ என்று எழுதினேன். ரத்தம் குடிப்பீர்களா? இல்லை. காதருகே பாடுவீர்களா? இல்லை. கீழே கொசுவின் கையெழுத்து. சொந்த யோக்கியதைக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வதைவிடக் கேவலமான காரியம் உலகத்தில் இல்லை என்று முடித்திருந்தேன். மாணவர்கள் அதைப் படம் எடுத்துப் பரப்பினார்கள்.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். “ரொம்பப் பேசுறியே தம்பி. வா, கொள்முதல் குழுவுல நீயும் ஒரு ஆளா உட்காரு. உட்கார்ந்தா பேச்சு தானா கொறைஞ்சிடும்.”

குறையவில்லை. நான் வேலை செய்தேன். உதாரணமாக, நமக்கு ஏணி விற்கும் கம்பெனி. அவர்களுடைய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து மாறி மாறி அந்த ஆலை வாசலுக்கே போனேன். வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதியின் கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. சாவி காவலாளியின் இடுப்பில். “பாதுகாப்புக்குத்தான் தம்பி, பொம்பளப் பிள்ளைங்க பாரு” என்றார். மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் ‘பணியாளர்கள் விரும்பியபடி வெளியே சென்று வரலாமா’ என்ற கேள்விக்கு அழகாக ‘ஆம்’ என்று டிக் அடித்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்திலேயே அந்தக் கம்பெனியை நீக்கவைத்தேன். இதை நான் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் குழு தொடங்கியதிலிருந்து செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அதோடு இன்னொரு விதியும் கொண்டுவந்தேன். எந்தத் துறைக்கு எது வேண்டுமானாலும் முதலில் கிடங்கில் தேட வேண்டும். கழித்துப் போட்டதில் உதவக்கூடியது இருந்தால் அதை எடுத்துச் சுத்தம் செய்து, ஒரு பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பக் கொடுப்போம். தேடுவது, சுத்தம் செய்வது, ஒட்டுவது மூன்றும் என் பொறுப்பு.

கிடங்கில்தான் சிவப்பக்கா இருந்தார். கழித்துக்கட்ட வேண்டிய பொருள்களின் மேல் சிவப்புப் பெயின்டால் பெரிய பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. பெயர் அதனால் வந்தது. என்ன சிக்கல் என்றால், அக்காவின் சிவப்பு எப்போதும் பொருளைப் பார்த்துப் போடப்படுவதில்லை. நல்ல தேக்கு நாற்காலி ஒன்றில் குறி இருந்தது.

“இதுக்கு என்னக்கா கொறை?”

“நாற்காலிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அதுல உட்கார்ந்திருந்தவருக்குத்தான். துறைத் தலைவராம். என்னைய ‘ஏய்’னு கூப்பிட்டாரு.”

“இந்த ஃபேன்?”

“சுத்தும். ஆனா எங்க வீட்டுக்காரர் கொறட்டை மாதிரியே சத்தம் போடும். வீட்டுலயும் அதையே கேட்டுட்டு இங்கயும் அதையே கேக்கணுமா?”

அன்று முதல் நான் சிவப்பை நம்புவதை விட்டேன். தின்னர் ஊற்றித் துணியால் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். நாற்காலிகள், மேசைகள், அந்தக் குறட்டை ஃபேன், எல்லாம் இலை ஒட்டிக்கொண்டு திரும்ப வேலைக்கு வந்தன. அக்கா கண்டுகொள்ளவில்லை. “நீ அழி, நான் போடுறேன். ரெண்டு பேருக்கும் பொழுது போகும்” என்பார்.

விருதுக் குழு வரப்போகிறது என்ற செய்தி அப்போதுதான் வந்தது. இந்த வருடம் புதிதாக எதுவும் வாங்காத பல்கலைக்கழகம் என்று நாங்கள் விண்ணப்பித்திருந்தோம். அரங்கத்தின் மேல் விளக்குகளில் பாதி எரியவில்லை. அவற்றை மாற்ற உயரமான ஏணி வேண்டும் என்று மின்பணியாளர் வந்து நின்றார். எல்லோருக்கும் அவர் ஃப்யூஸ் அண்ணன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. என்னை ‘தலைவரே’ என்பார். கேலிதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.

அந்த உயரத்தில் ஏணி உடனே கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பூட்டுப் போட்ட கம்பெனி. “ஒரே ஒரு ஏணிதானே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடலாம்” என்றார் பதிவாளர். கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதைத் தடுக்கத்தான் என்னை அங்கே உட்காரவைத்தார்கள். நான் முடியாது என்றேன். கிடங்கில் இருக்கிறது என்றேன்.

இருந்தது. பின் சுவரில் சாய்ந்து, ஒரு காலின் மேல்பாகத்தில் சிவப்புக் குறியோடு. அக்கா அன்று விடுப்பு, மகளுக்குப் பிரசவம். போன் செய்து கேட்டிருக்கலாம்தான். பிரசவ அறை வாசலில் நிற்பவரிடம் ஏணியைப் பற்றி விசாரிப்பது நாகரிகம் இல்லை என்று தோன்றியது. துடைத்தேன். இலையை ஒட்டினேன். ஃப்யூஸ் அண்ணனிடம் கொடுத்தேன்.

அண்ணன் விழுந்தார்.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வரவும் வராது என்கிறார்கள். நான் மருத்துவமனைக்குப் போனேன். ஆரஞ்சுப் பழங்களோடு போனேன். அண்ணி அவருடைய பாதத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். “தலைவரே, ஏணிக்கு ஒண்ணும் ஆகலயே?” என்றார். விசாரணைக்கு வந்தவர்களிடமும் அவர் எனக்காகத்தான் பேசியிருக்கிறார். ‘தம்பி ஏறிப் பாத்துட்டுதான் குடுத்தாரு’ என்று.

இனி மீதியையும் சொல்ல வேண்டும்.

சிவப்பைத் துடைத்தபோது அதற்கு அடியில் ஒரு விரிசல் இருந்தது. மெல்லிய கோடு, விரல் நீளம். நகத்தை வைத்தால் உள்ளே போயிற்று. இந்த ஒரு முறை அக்கா பொருளைப் பார்த்துத்தான் போட்டிருந்தார். ஸ்டிக்கரை எங்காவது ஒட்டத்தானே வேண்டும். அந்த இடத்தில் ஒட்டினேன். இலை சரியாகப் பொருந்தியது.

அரங்கத்தில் அண்ணன் ஏணியை ஆட்டிப் பார்த்தார். “நான் ஏறினா ஏணிக்கே மூச்சு வாங்கும் தலைவரே. தாங்குமா?”

“நான் ஏறிப் பாத்தேண்ணே. ஜம்முனு இருக்கு.”

எனக்கு உயரம் ஆகாது. வீட்டில் ஸ்டூல்மேல்கூட நிற்க மாட்டேன். ‘ஒரு பல்ப மாத்தத் தெரியாது, உலகத்த மாத்தப் போறானாம்’ என்று அம்மா அப்பாவிடம் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லப்படுகிறது.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் புரிகிறது. அந்தப் பார்வையை ஏன் அந்த விடுதி ஜன்னலை நோக்கி யாரும் திருப்புவதில்லை என்று மட்டும் யோசியுங்கள். புது ஏணி வாங்கியிருந்தால் அண்ணன் நடந்துகொண்டிருப்பார், சரி. அதற்கான விலையை வேறு யாரோ, பூட்டுக்குப் பின்னால், சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எந்தப் பொருளுக்கு அடியிலும் ஒருவர் நசுங்கிக் கிடக்கிறார். தூரத்தில் நசுங்கினால் அது கொள்முதல். நம் அரங்கத்தில் நசுங்கினால் விசாரணை. நான் தூரத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான். வருத்தப்படச் சொல்லாதீர்கள். விருதும் வந்தது. அண்ணன் விழுந்ததை விருதுக் குழுவிடம் யாரும் சொல்லவில்லை. அது என் முடிவல்ல, பதிவாளர் முடிவு.

உடைந்த ஏணியை ஆராய்ந்தார்கள். உடைந்த பிறகு எல்லா விரிசலுக்கும் ஒரே வயதுதான். சிவப்பின் தடயம் எங்கும் இல்லை. ஆகவே பழுதான ஏணியில் குறி போடாமல் விட்டது கிடங்குப் பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று ஏறக்குறைய எழுதியே விட்டார்கள். தான் போட்டதாக அக்கா சத்தியம் செய்கிறார். கோபத்துக்கு நாற்காலியில் குறி போடுகிற ஒருவரின் சத்தியத்தை யார் கேட்பார்கள்?

அவர் இப்போது பெஞ்சில் நகர்ந்து என் பக்கம் வந்திருக்கிறார். கையில் பேரனின் படம் இருக்கும் போன். “பாரேன் தம்பி, மூக்கு அப்படியே என்னைய மாதிரி” என்று காட்டுகிறார். பார்த்தேன். அதே மூக்குதான்.

“எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல” என்கிறார். “நீ உள்ள போய் ‘சிவப்பு இருந்துச்சு, நான்தான் துடைச்சேன்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஊர்ல எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு எழுதுறவன் நீ. நீ பொய் சொல்ல மாட்டே.”

நான் தலையை ஆட்டினேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அறையில் ஏ.சி. அதிகம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் சட்டத்துறைப் பேராசிரியர். உட்காரச் சொன்னார்.

“ரொம்ப நேரம் எடுக்க மாட்டோம் தம்பி. உன் சேவை எங்களுக்குத் தெரியும். எல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. படிச்சுப் பாத்து டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஒரே தாள். ஏணியைக் கிடங்கிலிருந்து எடுத்தபோது அதில் சிவப்புக் குறி இருந்ததா? ஆம், இல்லை. மறு உபயோகத்துக்குக் கொடுக்கும் முன் அதை நீங்களே சோதித்தீர்களா? ஆம், இல்லை.

நான் உண்மையை எழுதினால் இந்தத் திட்டத்தை இழுத்து மூடுவார்கள். நாளைக்கே அந்தக் கம்பெனியிலிருந்து லாரி வந்து நிற்கும். ஜன்னலில் நின்ற அந்தப் பெண்ணுக்காக யோசிக்க இங்கே என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது.

பேராசிரியர் தன் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நன்றாக எழுதுகிற பேனா. முதல் கேள்வியில் ‘இல்லை’. இரண்டாவதில் ‘ஆம்’. கட்டத்தை விட்டு வெளியே போகாமல் அழகாக டிக் அடித்து, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.