ஸ்டாண்டு போட்ட வேகம்

எண்ணூரிலிருந்து சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில். எதிர் சீட்டில் துறைமுக வேலைக்குப் போகும் இரண்டு பேர். ஒருவர் பெருமையாக ஆரம்பித்தார்.

"என் பைக்கோட மூளைய மாத்திட்டேன் மாமு. மெக்கானிக்கு ஒருத்தன் லேப்டாப்ப சொருவி, உள்ள கீற கம்ப்யூட்டர்ல புது செட்டிங் ஏத்திட்டான். நூத்தியம்பதுல பறக்குது."

"எங்க பறந்த? எர்ணாவூர்லேந்து காசிமேடு வரிக்கும் கண்டெய்னர் லாரி நிக்குது."

"ரோட்ல இல்ல. வூட்டாண்ட ஸ்டாண்டு போட்டு ஆக்ஸிலேட்டர முறுக்கினேன். மீட்டர்ல காட்டிச்சு."

"அப்ப இன்னாத்துக்கு ரயில்ல வந்துகினு கீற?"

"லாரி பின்னால நின்னா இஞ்சின் சூடாயி ஆஃப் ஆயிடுது."

கொருக்குப்பேட்டைக்கு வெளியே, கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டு எங்கள் ரயில் நின்றது. வெகுநேரம் அசையவில்லை. கேள்வி கேட்டவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த லேப்டாப்புக்காரன இட்டுகினு வாடா. இதையும் ஸ்டாண்டு போட்டு முறுக்கிடலாம்."